ஒன்பது ஜெர்சி, ஒரே பாஷை

59-87-1. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடிய ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்த எண்ணை எடுத்துப் போடாமல் விடமாட்டார். தொடக்க குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசி அட்டாக்கை நடத்தும் முதல் ஆளாக, இறங்கிய 147 ஆட்டங்களில் 59 வெற்றி, 87 தோல்வி, ஒரு டை. 2005 முதல் 2021 வரை 17 சீசன், வீசிக் கடந்தது 34,990 யார்டு, எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளியான வீச்சு 223 (டச்டவுன்), எதிரணி பிடித்துக்கொண்டது 169 (இன்டர்செப்ஷன்). ஒன்பது அணிகளுக்கு ஆடினார், ஒன்பதுக்கும் தொடக்க ஆட்டக்காரராகவே இறங்கினார், என்.எஃப்.எல். வரலாற்றில் வேறு எந்த குவார்ட்டர்பேக்கும் இதைச் செய்ததில்லை. லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் நாக்அவுட் கட்டமான பிளேஆஃபில் ஆடிய ஆட்டங்கள்: பூஜ்யம். இந்தக் கணக்கை வைத்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். தோற்றவனுக்கு என்ன கொண்டாட்டம் என்பது ஒரு கட்சி. தாடி, ஹார்வர்டு பட்டம், 'ஃபிட்ஸ்மேஜிக்' என்று செல்லம் கொஞ்சுவது இன்னொரு கட்சி. அடிப்படைக் கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை. இத்தனை தோற்றவரை அடுத்தடுத்து ஒன்பது முதலாளிகள் ஏன் காசு கொடுத்துக் கூப்பிட்டார்கள்?

'ஜர்னிமேன்' என்ற சொல்லே பாதிப் பேரைத் தவறான பக்கம் அனுப்பிவிடுகிறது. ஊர் ஊராகப் பயணம் போகிறவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் ஒரு நாளையும், ஒரு நாள் வேலையையும் குறிக்கும் சொல். தொழிலைக் கற்று முடித்துவிட்டு, சொந்தப் பட்டறை இல்லாமல், அடுத்தவர் பட்டறையில் நாள்கூலிக்கு உழைப்பவர்தான் ஜர்னிமேன். நம்மூர் கணக்கில் நாள்கூலிக் கொத்தனார். வேலை சுத்தமாகத் தெரியும். கட்டுகிற வீடு அவருடையதல்ல. இப்படிப் பார்த்தால் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 17 வருடம் வேறு மாதிரி தெரிகிறது.

கூலிக்கு என்ன வேலை

அணி மாறும் குவார்ட்டர்பேக்குக்குக் கையைவிடப் பெரிய பிரச்சினை பாஷை. எல்லா அணியிலும் ஓடுகிற பாதைகள் ஏறக்குறைய ஒன்றுதான், பெயர்கள்தான் வேறு. பயிற்சியாளர் டான் கொரியல் வழியில் வந்த அணிகளில், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் ரிசீவரின் பாதைக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் உண்டு. 9 என்றால் நேராக ஓட வேண்டும், 8 என்றால் கோல் கம்பத்தை நோக்கி உள்ளே சாய வேண்டும். மூன்று இலக்கம் சொன்னால் மூன்று பேருக்கும் வேலை சொல்லியாயிற்று. வெஸ்ட் கோஸ்ட் என்ற ஆட்டப் பள்ளியில் நிற்கும் அமைப்பு, யார் நகர வேண்டும், முன்வரிசைத் தடுப்பாளர்களான லைன் யாரைத் தடுக்க வேண்டும், யார் எங்கே ஓட வேண்டும் என்று எல்லாவற்றையும் கோர்த்து, மூச்சு வாங்கும் நீளத்துக்கு ஒரே வாக்கியமாகச் சொல்ல வேண்டும். எர்ஹார்ட்-பெர்கின்ஸ் பள்ளியில் இரண்டு மூன்று பேரின் பாதைகளைச் சேர்த்து ஒரே பெயர் வைத்துவிடுவார்கள்; யார் எங்கே நின்றாலும் அந்தப் பெயர் மாறாது. ஒரு பள்ளியில் பத்து வருடம் ஊறியவர் அடுத்த பள்ளிக்குப் போனால், பழைய சொல்லை மனதில் புதுச் சொல்லாக மாற்றிக்கொண்டே இருப்பார். அந்த மாற்றத்துக்கு நேரம் வேண்டும், மைதானத்தில் அதற்கு நேரம் கிடையாது. ஒரு பிளே, அதாவது ஒரு முயற்சி, முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது கோச்சின் குரல் வரும் ஹெல்மெட் ரேடியோ அணைந்துவிடும். அதற்குள் கோச் சொன்னதைக் கேட்டு, பத்துப் பேருக்குச் சொல்லி, லைனில் நிற்க வைத்து, எதிரணியின் அமைப்பைப் பார்த்து, தேவையானால் மாற்றவும் வேண்டும்.

புது ஆள் வந்தால் அதனால்தான் ஒரு வரிசை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். முதலில் பந்தை எடுக்கும் குரல். பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரும் லைனும் பழைய ஆளின் குரலுக்குப் பழகியிருப்பார்கள். புதியவர் இரண்டாவது 'ஹட்' கூவலை அரை நொடி இழுத்தால்கூட யாராவது முன்னால் பாய்ந்து ஐந்து யார்டு அபராதமாகப் போய்விடும். அடுத்தது தடுப்பு முறைகள். பாஸ் பாதையில் தவறினால் பந்துதான் வீணாகும், தடுப்பில் தவறினால் ஆளே போய்விடுவார். அதற்குப் பிறகுதான் பாஸ்கள். மணிக்கட்டில் எண் போட்ட பட்டியலைக் கட்டிவிடுவார்கள். கோச் முழு வாக்கியத்துக்குப் பதில் எண்ணை மட்டும் சொல்வார்.

இதையெல்லாம் பயிற்சியில் பழகலாமே என்றால் அங்கேதான் வயிற்றில் அடி. சீசன் தொடங்கிவிட்டால் இரண்டாம் ஆளுக்கு முதல் வரிசையோடு ஆட ஏறக்குறைய வாய்ப்பே இருக்காது. பத்து யார்டு நகர்த்தக் கிடைக்கும் நான்கு முயற்சிகள்தான் டவுன்கள். புதன்கிழமைக்கு முதலிரண்டு டவுன்கள், வியாழனுக்கு மூன்றாம் டவுன், வெள்ளிக்கு எதிரணிக் கோட்டை ஒட்டிய ரெட் ஸோன் என்று வாரம் ஓடும். அத்தனையும் தொடக்க ஆட்டக்காரருக்கு. இரண்டாம் ஆள் அட்டையில் வரைந்திருக்கும் எதிரணியின் பிளேக்களைத் தன் டிஃபென்ஸுக்கு எதிராக ஆடிக் காட்டிக்கொண்டிருப்பார். வாரம் முழுக்க அடுத்தவன் பாஷையைப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திடீரென்று இறங்கினால் தன் அணியின் பாஷையைப் பேச வேண்டும்.

இதன் உச்சக்கட்டம் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஜான்சன். 14 அணிகளில் இருந்தவர். அந்தச் சாதனையைத் தொட ஆளில்லை. 2018 டிசம்பரில் வாஷிங்டனின் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் அடுத்தடுத்துக் கால் உடைந்து விழுந்தபோது இவரைக் கூப்பிட்டார்கள். சக வீரர்களின் பெயர் தெரியாமல், மேடன் வீடியோ கேம் ஆடிப் பெயர்களைப் பழகினார். வந்த சில நாளிலேயே களம் இறங்கி, டிசம்பர் 16 அன்று ஜாக்சன்வில்லில் 16-13 என்று ஜெயித்தார். தொடக்க ஆட்டக்காரராக அவருடைய முதல் வெற்றி அது, புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுக்கப்பட்டுப் பத்து வருடம் கழித்து. 2023 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்காக, லீக்கின் ஒரு பாதியான என்.எஃப்.சி.-யின் இறுதியில், பிராக் பர்டியின் முழங்கை போனதும் இறங்கினார். மூன்றாம் குவார்ட்டரில் தலையில் அடிபட்டு வெளியேறினார். பந்தை வீசவே முடியாத பர்டி திரும்ப வந்து நின்றார். 31-7 தோல்வி. அந்தக் கோடையிலேயே அவசரகால மூன்றாம் குவார்ட்டர்பேக் விதியை லீக் மறுபடி கொண்டுவந்தது.

சம்பள விதிகளும் இவர்களைச் சுற்றித்தான் பின்னியிருக்கின்றன. நான்கு சீசன் முடித்தவர் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு வருட ஒப்பந்தம் போட்டால், அணியின் சம்பள வரம்பில் இரண்டு வருட அனுபவக்காரரின் தொகையாக மட்டுமே அது கணக்காகும். அனுபவசாலி மலிவாகக் கிடைக்க அதுதான் வழி. ஆனால் அதே நான்கு சீசன்காரர் முதல் வார ஆட்டத்தில் பட்டியலில் இருந்தால், நடுவில் நீக்கப்பட்டாலும் அந்த ஆண்டின் மிச்சச் சம்பளத்தைக் கோரலாம், தொழில் வாழ்வில் ஒரே ஒருமுறை. இதைத் தவிர்க்கத்தான் சில மூத்தவர்களை முதல் வாரத்துக்கு முன் வெளியே விட்டு, ஆட்டம் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். செய்தியில் 'விடுவிப்பு' என்று வரும். அவருடைய செருப்புகூட லாக்கரை விட்டு நகர்ந்திருக்காது.

கெய்லி

ஃபிட்ஸ்பாட்ரிக் 2005 டிராஃப்டில் 250-வது ஆள், ஏழாவது சுற்று, செயின்ட் லூயிஸ் ராம்ஸ். அந்த நவம்பர் 27 அன்று ஹூஸ்டனில் அணி 24-3 என்று பின்தங்கியிருந்தபோது இறங்கி, 310 யார்டு வீசி, ஓவர்டைமில் கெவின் கர்டிஸுக்கு 56 யார்டு டச்டவுன் போட்டு 33-27 என்று முடித்தார். அடுத்த மூன்று தொடக்கங்களும் தோல்வி. இந்த நான்கு ஆட்டங்களே முழு வாழ்க்கையின் சுருக்கம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சோம்பேறித்தனமான வாசிப்பாகத் தோன்றுகிறது. முழு வாழ்க்கைக்கும் வேறொரு முதுகெலும்பு இருக்கிறது. அதன் பெயர் சான் கெய்லி, ஒரு பயிற்சியாளர்.

ராம்ஸ் அவரை 2007-ல் ஒரு ஏழாம் சுற்று டிராஃப்ட் தேர்வுக்கு விலையாக சின்சினாட்டிக்குத் தள்ளியது. கார்சன் பால்மரின் முழங்கை போன 2008-ல் 12 ஆட்டம் தொடங்கினார். 4-7-1, கணக்கில் தொங்கும் அந்த ஒற்றை டை அங்கே ஃபிலடெல்ஃபியாவோடு 13-13. 2009-ல் பஃபலோ, ட்ரென்ட் எட்வர்ட்ஸுக்கு அடுத்த ஆளாக. 2010-ல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக கெய்லி வந்தார். இரண்டு ஆட்டத்திலேயே எட்வர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு ஃபிட்ஸ்பாட்ரிக்கை இறக்கினார்.

கெய்லியின் ஆட்டம் இவருக்கென்றே தைத்த சட்டை. நான்கு ரிசீவர்களை அகலமாகப் பரப்பி, குவார்ட்டர்பேக்கை சென்டருக்குச் சற்றுப் பின்னால், ஷாட்கன் என்ற நிலையில் நிறுத்துவார். எதிரணி அகலத்துக்கு ஆளை அனுப்பியே ஆக வேண்டும். பந்து வருமுன் நடுவில் எத்தனை தலை நிற்கிறது என்று எண்ணினால் போதும்: குறைந்தால் ஓட்டம், கூடினால் வீச்சு. ரிசீவர்களுக்குப் பாதை பாதிதான் எழுதியிருக்கும். மீதியை எதிரே நிற்பவனைப் பார்த்து அவர்களே முடிவு செய்ய வேண்டும். குவார்ட்டர்பேக்கும் அதே காட்சியைப் பார்த்து அதே முடிவுக்கு வர வேண்டும். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்கும். ஃபிட்ஸ்பாட்ரிக்கின் கை நடுத்தரமானது. அறுபது யார்டு தோட்டா வீசும் ஆளல்ல. ஆனால் சீக்கிரம் எண்ணுவார், சீக்கிரம் விடுவார். வலுவை நேரத்தால் ஈடுகட்டும் கை அது.

இன்டர்செப்ஷன்கள் பிறப்பதும் இங்கேதான். இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்க்கும்வரை எல்லாம் அழகு. பந்து வந்த பிறகு எதிரணியின் பின்வரிசைத் தடுப்பாளரான சேஃப்டி இடம் மாறினால் ரிசீவர் ஒன்றைப் பார்ப்பார், வீசுபவர் இன்னொன்றைப் பார்ப்பார். பந்து யாரும் இல்லாத இடத்தில், இல்லை எதிரணிக்காரர் மட்டும் இருக்கும் இடத்தில் போய் விழும். வலுவான கைக்காரர் அரை நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு வேகத்தால் ஈடுகட்டுவார். இவர் பொறுத்தால் பந்து நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆக, 169 இன்டர்செப்ஷனைத் தனியாக எடுத்து வைத்துத் திட்ட முடியாது. 223 டச்டவுனும் அதே உலையில் வடித்தவை.

2011 தொடக்கத்தில் எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். செப்டம்பர் 25 அன்று நியூ இங்கிலாந்தை 34-31 என்று வென்று, அவர்களிடம் தொடர்ந்து 15 முறை தோற்ற கதைக்கு பஃபலோ முற்றுப்புள்ளி வைத்தது. அக்டோபர் கடைசியில் ஆறு வருடம், 59 மில்லியன் டாலர் ஒப்பந்தம். நாள்கூலிக்காரருக்குச் சொந்தப் பட்டறை கிடைத்த ஒரே தருணம் அதுதான். அதே வாரம் வாஷிங்டனுக்கு எதிரான வெற்றியோடு 5-2. அந்த ஆட்டத்தில் விலா எலும்புகளில் விரிசல் விழுந்தது பிற்பாடுதான் வெளியே வந்தது. பந்தைச் சீக்கிரம் விடுபவருக்கு இடுப்புக்கு மேல் உடம்பு திரும்ப வேண்டும். விலா ஒத்துழைக்கவில்லை என்றால் எல்லாம் அரை யார்டு பின்தங்கும். அணி 6-10 என்று முடித்தது. அவர் 24 டச்டவுனும், லீக்கிலேயே அதிகமாக 23 இன்டர்செப்ஷனும் போட்டார். 2012 முடிவில் கெய்லியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் வெளியே.

டென்னசி, ஹூஸ்டன் இரண்டையும் வேகமாகக் கடந்துவிடலாம். ஹூஸ்டனில் 2014 நவம்பரில் ஓரங்கட்டப்பட்டு, மாற்று ஆள் காயம்பட்டதும் திரும்பி வந்து, டென்னசிக்கு எதிராகவே ஒரே ஆட்டத்தில் ஆறு டச்டவுன் போட்டார். இரண்டு வாரத்தில் கால் உடைந்தது. அடுத்த ஜனவரியில் ஜெட்ஸ் தன் அட்டாக் பயிற்சியாளராக ஒருவரை எடுத்தது. மார்ச்சில் ஒரு பின்சுற்று டிராஃப்ட் தேர்வை விலையாகக் கொடுத்து ஃபிட்ஸ்பாட்ரிக்கை வாங்கியது. அந்தப் பயிற்சியாளர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி 3, 2016

ஜெட்ஸில் அவர் இரண்டாம் ஆளாகத்தான் போனார். ஆகஸ்டில் லாக்கர் அறையில் சக வீரர் விட்ட குத்தில் ஜீனோ ஸ்மித்தின் தாடை உடைந்தது, கதவு திறந்தது. கெய்லியின் பாஷை முன்பே தெரியும் என்பதால் ஒரு மாதத்தில் முழு ஆட்டமும் ஓடத் தொடங்கியது. பிராண்டன் மார்ஷல் 109 கேட்ச், 1,502 யார்டு. எரிக் டெக்கர் 1,027 யார்டு. இரண்டு பேரும் பெரிய உடம்புக்காரர்கள். இடைவெளி இல்லாத இடத்திலும் உடம்பைக் குறுக்கே போட்டுப் பந்தைப் பிடிப்பார்கள். வீசுபவரின் கையில் குறைகிற வலுவுக்கு அந்த உடம்புகள் ஈடு. ஃபிட்ஸ்பாட்ரிக் 31 டச்டவுன் போட்டார். ஜெட்ஸ் வரலாற்றில் ஒரு சீசனுக்கு அதுவே உச்சம். கடைசி வாரத்துக்கு 10-5 என்று, தொடர்ந்து ஐந்து வெற்றிகளோடு வந்தார்கள். ஜெயித்தால் பிளேஆஃப். எதிரணி பஃபலோ, ஆர்ச்சர்ட் பார்க்கில். ஏற்கெனவே வெளியேறிவிட்ட அணி. பயிற்சியாளர், முந்தைய வருடம் ஜெட்ஸ் துரத்திய ரெக்ஸ் ரயன்.

நான்காம் குவார்ட்டரில் ஜெட்ஸ் இரண்டே புள்ளி பின்னால். பந்தைக் கோட்டுக்கு அருகே கொண்டுபோய்விட்டார்கள். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்ட் கோல் அடித்தாலே முன்னிலை. கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஸோனுக்குள் வீசிய பந்தை பஃபலோவின் லியோடிஸ் மெக்கெல்வின் பிடித்துக்கொண்டார். அதற்குப் பின் வந்த இரண்டு முயற்சிகளும் இன்டர்செப்ஷனிலேயே முடிந்தன: மேனி லாசன், பிறகு ஏ.ஜே. டார்ப்லி. 22-17 தோல்வி. 37 வீச்சில் 16 மட்டுமே சேர்ந்தது.

கடைசி இரண்டையும் விட்டுவிடலாம். நேரம் தீர்ந்தவரின் வீச்சுகள் அவை. முதலாவதுதான் உறுத்துகிறது. புள்ளி ஏறக்குறைய கையில் இருக்கும்போது பந்தை வெளியே எறிந்துவிட்டு உதையாளரைக் கூப்பிடுவதுதான் பாடப் புத்தகம். வயது முப்பத்து மூன்று, பதினோராவது சீசன். பாடப் புத்தகத்தை அவருக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் அந்த வருடத்தின் 31 டச்டவுனில் எத்தனை, பாடப் புத்தகத்தை மூடிவைத்ததால் வந்தவை? அடைத்து நிற்கும் ஆளுக்கு முன்னால் பந்தை வைத்துவிட்டு மார்ஷலோ டெக்கரோ பிடிப்பார்கள் என்று நம்புவதுதான் அவரை அங்கே வரை கொண்டு சேர்த்தது. பதினைந்து வாரம் சரியாகப் போன கணக்கு பதினாறாவது ஆட்டத்தில் தப்பியது. முதலாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அடுத்த ஜனவரியில் மறுபடி முயன்றிருப்பார். நாள்கூலிக்காரருக்குச் சராசரி சமன்படும் அளவுக்கு நாட்கள் கொடுப்பதில்லை.

அந்தக் கோடை முழுவதும் ஒப்பந்தத் தகராறு. மூன்று வருடத்துக்கு 24 மில்லியன் என்றது ஜெட்ஸ். அவர் இசையவில்லை. பயிற்சி முகாம் தொடங்கும் தறுவாயில், ஜூலை 27 அன்று, ஒரு வருடத்துக்கு 12 மில்லியன் என்று முடிந்தது. வசந்தகாலப் பயிற்சிகள் அத்தனையும் போயின. செப்டம்பர் 25 அன்று கான்சஸ் சிட்டியில் ஆறு இன்டர்செப்ஷன். தோள் காயத்தால் டெக்கரின் சீசன் மூன்று ஆட்டத்தோடு முடிந்தது. ஃபிட்ஸ்பாட்ரிக்கின் அந்த சீசன் கணக்கு 12 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். கெய்லி இருந்தும் இப்படி ஆனது என் வாதத்துக்கு இடிக்கிறது, மறுக்கவில்லை. பாஷை தெரிந்த ஆள் மட்டும் போதாது, பதில் பேசவும் ஆள் வேண்டும் என்பதுதான் என்னால் கொடுக்க முடிந்த விளக்கம்.

கெய்லி இல்லாமல் அவர் ஜொலித்த இடம் ஒன்று உண்டு, டாம்பா. 2018-ன் முதல் மூன்று ஆட்டத்துக்கு அங்கே தொடக்க குவார்ட்டர்பேக்கான ஜேமிஸ் வின்ஸ்டனுக்குத் தடை. 417, 402, 411 என்று தொடர்ந்து மூன்று ஆட்டத்தில் நானூறு யார்டைத் தாண்டினார். அதற்கு முன் லீக்கில் யாருமே செய்யாதது. இதை மந்திரம் என்றார்கள். தடை ஜூனிலேயே அறிவிக்கப்பட்டது என்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்த அணியில் அவருக்கு அது இரண்டாம் வருடம், முகாமில் முதல் வரிசையோடு பயிற்சி கிடைத்தது, எந்தத் தேதியில் இறங்குவோம் என்பதும் தெரியும். இரண்டாம் ஆளுக்கு வழக்கமாகக் கிடைக்காத மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. நான்காம் வாரம் சிகாகோவில் பாதி ஆட்டத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள். 48-10 தோல்வி.

மயாமி

2019-ல் மயாமி அவரை இரண்டு வருடம், 11 மில்லியனுக்கு எடுத்தது ஜெயிப்பதற்காக அல்ல. இளைஞன் ஒருவன் வரும்வரை நேரத்தை விலைக்கு வாங்கினார்கள். 'பாலம்' என்று இந்த வேலைக்கு லீக்கில் ஒரு பெயரே உண்டு. இளைஞனாக டுவா டங்கோவைலோவா 2020-ல் வந்தார். அதே வருடம் ஓய்விலிருந்து திரும்பி அட்டாக் பயிற்சியாளராக வந்தவர், மறுபடியும், கெய்லி. 37 வயது ஃபிட்ஸ்பாட்ரிக் அந்த சீசனில் 68.5 சதவீத வீச்சுகளைச் சேர்த்தார். வாழ்நாளில் அவருக்கு அதுவே உச்சம். 3-3 என்று இருந்தபோது, ஜெட்ஸை 24-0 என்று வென்ற கையோடு, டுவாவுக்கு இடம் விடச் சொன்னார்கள். பாலத்தின் மேல் ஆள் நடந்து போயாயிற்று.

டிசம்பர் 26, லாஸ் வேகஸ். டுவா தடுமாற, நான்காம் குவார்ட்டரில் இவர் இறங்கினார். 25-23 என்று ரெய்டர்ஸ் முன்னால், மிச்சம் 19 விநாடி. ரெய்டர்ஸின் ஆர்டன் கீ அவருடைய ஹெல்மெட் முகக்கம்பியைப் பிடித்துத் தலையைப் பக்கவாட்டில் திருகிய நிலையில் பந்தை விட்டார். இடப்பக்கக் கோட்டோரம் மேக் ஹாலின்ஸிடம் போய்ச் சேர்ந்தது, 34 யார்டு. அபராதம் இன்னும் 15. ஜேசன் சாண்டர்ஸ் 44 யார்டிலிருந்து உதைத்தார். 26-25. அந்த வீச்சை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவதற்கு முன் அவர் கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். எங்கே வீச வேண்டும் என்பது பந்து கைக்கு வரும்போதே முடிவாகியிருக்கிறது. கண்ணுக்கு அதற்குமேல் வேலை இல்லை.

அடுத்த வாரம் ஜெயித்தால் பிளேஆஃப். 10-5. எதிரணி பஃபலோ, ஆர்ச்சர்ட் பார்க்கில், ஜனவரி 3, 2021. ஐந்து வருடம் முன்பு இருந்த அதே தேதி, அதே மைதானம், அதே கணக்கு. அந்த வாரம் ஃபிட்ஸ்பாட்ரிக்குக்குக் கோவிட் உறுதியானது. மயாமி அவரில்லாமல் போய் 56-26 என்று தோற்றது. மறுபடி 10-6, மறுபடி வெளியே.

2021-ல் ஒரு வருடம், 10 மில்லியனுக்கு வாஷிங்டன். முதல் ஆட்டத்தின் இரண்டாம் குவார்ட்டரில் இடுப்பு மூட்டு நழுவியது. ஒன்பதாவது ஜெர்சியில் வீசியது மொத்தம் ஆறு பந்து. ஒன்பதில் எட்டு அணிகளுக்கு மட்டும் டச்டவுன் போட்டதும் அதனால்தான்.

சீசன் முழுக்கக் காயப் பட்டியலில் இருந்துவிட்டு, 2022 ஜனவரி 15 அன்று ஆர்ச்சர்ட் பார்க்குக்குப் போனார். பஃபலோவுக்கும் நியூ இங்கிலாந்துக்கும் பிளேஆஃப் ஆட்டம், உறைநிலைக்கு வெகு கீழே குளிர். பஃபலோ 47-17 என்று நொறுக்கியது. பார்வையாளர் வரிசையில், தாடியோடு, மேல்சட்டை இல்லாமல், கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தார். அன்று எந்த ஜெர்சியும் அவர் உடம்பில் இல்லை.